விருப்ப ஓய்வு: கையெழுத்துக்கு முன் கணக்கு



டாடா குழுமத்தின் கைக்கு வந்த ஏர் இந்தியா, 2022 ஜூனில் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தது. 20 ஆண்டுப் பணியுடன் 55 வயது என்ற வரம்பு, விமானப் பணிக்குழுவினருக்கு 40 ஆகக் குறைக்கப்பட்டது. 2024இல் விஸ்தாரா இணைப்பின்போதும் நிரந்தரத் தரைப்பணியாளர்களுக்கு இவ்வாய்ப்பு வந்தது. 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ் ஊழியர்களுக்கோ, வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் உச்ச நீதிமன்றம் வரை போராட நேர்ந்தது.

ஆகவே, கையெழுத்திடும் முன் கணக்குப் பாருங்கள். ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற பணிக்கொடை உங்கள் சட்ட உரிமை. அதை இழப்பீட்டுத் தொகையோடு சேர்த்துக் காட்டினால் ஏமாறாதீர்கள். விருப்ப ஓய்வுத் தொகையில் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 5 லட்சம் ரூபாய் வரையே வரிவிலக்கு. மருத்துவக் காப்பீடு தொடருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நிரந்தர ஊழியர்களுக்குத்தான். ஆனால், குடுபல்லியில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் பகுதி இளைஞர்களுக்கு ஒப்பந்த வேலைதான் எளிதில் கிடைக்கிறது. விமான நிலையத்தில் பெட்டி சுமப்பவர்களும் துப்புரவாளர்களும் அப்படித்தான். விருப்ப ஓய்வு அவர்களை எட்டுவதே இல்லை. ஆட்குறைப்பின்போது அவர்களுக்கும் நியாயமான இழப்பீட்டை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும்.

– வாசகர் ஒருவர், குடுபல்லி, சித்தூர் மாவட்டம்