மாப்ள, எந்திரிச்சியா?

செமஸ்டர் லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பின அன்னிக்கே எங்க ரூமுல ஒரு சபதம் நடந்துச்சு. ரூம்மேட் 92 கிலோ. அவங்க அக்கா கல்யாணத்துக்கு இன்னும் 45 நாள். ‘15 கிலோ காலி’னு சுவத்துல சாக்பீஸால எழுதினது யாருங்கறீங்க? அடியேன்தான்! குறைக்கப் போறது அவன், டார்கெட் வச்சது நான். (என் வெயிட்டை நான் சொல்லவே இல்லைங்கறதைக் கவனிச்சீங்களா?)

முதல் வாரம் சூப்பர். காலையில அஞ்சரைக்கு ரேஸ்கோர்ஸ். ஒரு ரவுண்டு சுமார் ரெண்டரை கிலோமீட்டர். நைட்டு ரோட்டோரக் காளானுக்கு ‘நோ’. அதுல காளானைவிட முட்டைகோஸ்தான் ஜாஸ்தின்னு தெரிஞ்சும் விட முடியாத ஐட்டமுங்க அது! மூணு கிலோ குறைஞ்சதும் குரூப்புல போட்டோ போட்டு அலப்பறை பண்ணினேன். ஆரம்பத்துல சட்டுனு குறையறதுல பெரும்பங்கு தண்ணிதான்னு அப்ப எனக்குத் தெரியாது.

ரெண்டாவது வாரம் முள்ளு அசையவே இல்லை. அங்கதான் என் ‘ஊக்கம்’ ஆரம்பிச்சுது. “என்னடா, அப்படியே நிக்குது?” “குண்டா, அந்தப் பரோட்டாவை வை!” மெஸ்ஸுல நாலு பேர் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அதனால எல்லாம் ஓகேன்னு நினைச்சுட்டேன்.

பதினெட்டாவது நாள், ஒர்க்‌ஷாப்புல லேத் மெஷின் பக்கத்துல மயங்கி விழுந்துட்டான். நல்லவேளை, மெஷின் ஆஃப்ல இருந்துச்சு. ரெண்டு நாளா பிளாக் காபியும் கொள்ளு ரசமும் மட்டும்தானாம். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’னு நம்ம ஊரு பழமொழி சொல்லுது, சரி. ஆனா கொள்ளை மட்டும் குடிச்சுட்டு லேத் ஓட்டச் சொல்லலையே! குளுக்கோஸ் ஏறிட்டு இருக்கறப்ப மெதுவா சொன்னான்: “நீ வெயிட்டு கேட்பியேன்னு பயந்துதான்டா சாப்பிடலை.”

அன்னிக்கு நைட்டுதான் கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு கிலோ கொழுப்புன்னா சுமாரா 7,700 கலோரி. 15 கிலோவை 45 நாள்ல கரைக்கணும்னா, தினமும் 2,500 கலோரிக்கு மேல பற்றாக்குறை வேணும். அதாவது, ஒரு வாய்கூடச் சாப்பிடாம இருந்தாத்தான் கணக்கு கிட்டத்தட்ட டேலி ஆகும்! மூணு வருஷம் இன்ஜினீயரிங் படிச்சும் இந்த வகுத்தலைப் போடலை பாருங்க. டாக்டர் சொன்னது வாரத்துக்கு அரை கிலோ. மிஞ்சினா ஒண்ணு.

அப்புறம் தேடித் தேடிப் படிச்சதுல சிக்குச்சு ஒரு மேட்டர். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 2006-ல வெளியிட்ட ஆய்வு. சர்க்கரை நோயோட வாசப்படியில நின்ன 531 பேரை மூணு வருஷம் கவனிச்சாங்க. சாப்பாட்டையும் நடையையும் சரி பண்ணினவங்களுக்கு, சும்மா விட்டவங்களைவிட நோய் வர்ற அபாயம் 28.5 சதவிகிதம் குறைஞ்சிருந்தது. இத்தனைக்கும் அவங்க வெயிட்டு பெருசா இறங்கவே இல்லை! முள்ளு அசையாதப்பவும் உள்ளே வேலை நடக்குதுங்க.

இன்னொண்ணு, 2013-ல அதே குழுவோட ஆய்வு. வேலைக்குப் போற 537 ஆண்கள். பாதிப் பேருக்கு ஒரு தடவை அட்வைஸ். மீதிப் பேருக்கு அதோட ‘நட, இதைச் சாப்பிடு’ங்கற மாதிரி எஸ்.எம்.எஸ். அடிக்கடி. அவ்வளவுதான்! ரெண்டு வருஷம் கழிச்சு, முதல் பாதியில 100-க்கு 27 பேருக்குச் சர்க்கரை வந்திருந்தது. மெசேஜ் போன பாதியில 18 பேருக்குத்தான். திட்டலை, கிண்டல் பண்ணலை. ஒரு குட்டி மெசேஜ்!

சுவத்துல இருந்த 15-ஐ அழிச்சேன். ‘வாரம் அஞ்சு நாள், அரை மணி நேரம் நடை’ன்னு அவனே எழுதினான். அது நம்ம கையில இருக்கற விஷயம் பாருங்க. கிலோவை அவன் சொன்னா கேட்டுக்குவேன், நானா கேட்கறதில்லை. பரோட்டா நாலுக்குப் பதிலா ரெண்டு. முக்கியமா, நானும் கூட நடக்கறேன். மருதமலைப் படியில பாதியிலேயே உட்கார்ந்தது நான்தான், அவன் இல்லை. “மாப்ள, மெதுவா வா, மலை எங்கயும் போயிடாது”ன்னான். நான் ஒரு நாளாவது அவன்கிட்ட இப்படிச் சொல்லியிருக்கேனான்னு யோசிச்சேன். இல்லை.

அக்கா கல்யாணத்துல அவன் 88. பழைய சட்டையே போட்டிருந்தான். அவங்க அம்மிச்சி கன்னத்தைத் தடவி, “ஏஞ்சாமி, இப்படி எளச்சுப் போயிட்டியே!”ன்னு இன்னொரு ஒப்புட்டை இலையில வச்சாங்க. நெய்யோட. என்னைப் பார்த்தான். “சாப்பிடுடா”ன்னேன்.

நாளைக்குக் காலையில இன்டர்னல் டெஸ்ட். நடை கேன்சல்னு நினைச்சுட்டு இதை டைப் அடிச்சுட்டு இருக்கேன். செல்போன் சிணுங்குது. அவன்தான்: ‘மாப்ள, அஞ்சரைக்கு எழுப்பறேன். ஒரே ஒரு ரவுண்டு.’