கண்டறியப்படாத துயரம்!

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது, மருத்துவத் துறையின் கவனம் முழுவதும் கண்ணெரிச்சலிலும் மூச்சுத் திணறலிலுமே இருந்தது. பாதிக்கப்பட்ட பகுதிகளின் சிகிச்சை மையங்களுக்கு வந்தவர்களை மனநல மருத்துவர்கள் பின்னர் பரிசோதித்தபோது, ஐந்தில் ஒருவருக்கேனும் மனநலக் கோளாறு இருப்பது தெரியவந்தது. துயரமும் அச்சமும் உடல் உபாதைகளின் பின்னே மறைந்து கிடந்தன.

நாற்பது ஆண்டுகள் கடந்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. பொதுவான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் சிகிச்சையே பெறவில்லை என்றது 2015-16-ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு. லட்சம் பேருக்கு மூன்று மனநல மருத்துவர்கள் தேவைப்படும் நாட்டில் 0.75 பேரே உள்ளனர் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023 ஆகஸ்டில் சுட்டிக்காட்டியது.

நிபுணர்களை ஓரிரு ஆண்டுகளில் உருவாக்கிவிட முடியாது. எனவே, தூக்கமின்மை, உடல்வலி, படபடப்பு என்று வரும் நோயாளியை முதலில் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்தான் அடையாளம் காண வேண்டும்.

அதற்கு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். இழப்பின் துயரம் நோயல்ல. ஆறு மாதங்களைக் கடந்தும் வாழ்க்கையை முடக்கினால்தான் அதைக் கோளாறு என்கிறது 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு. இரண்டு வாரங்களாகப் பெரும்பாலான நேரம் எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்திருப்பது மனச்சோர்வின் அறிகுறி. நடந்த கொடுமை மீண்டும் மீண்டும் கண்முன் தோன்றுவதும், அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பதும், எப்போதும் திடுக்கிட்ட நிலையில் இருப்பதும் அதிர்ச்சியின் பாதிப்பு. இயல்பான துயரத்துக்கு மாத்திரை தருவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு மனச்சோர்வை "எல்லாம் சரியாகிவிடும்" என்று தட்டிக்கழிப்பதும்.

2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநல சிகிச்சையை உரிமையாக்கியது. 2022 அக்டோபரில் 14416 என்ற இலவச தொலைபேசி சேவை தொடங்கப்பட்டது. வரவேற்கத்தக்கவைதான். ஆனால், தனது நெஞ்சுவலிக்குக் காரணம் துயரம் என்றே அறியாதவர் அந்த எண்ணை எப்படி அழைப்பார்?

எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்தைத் தனித் தேர்வுப் பாடமாக்குவதும், பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி அளிப்பதும் பெரும் செலவு பிடிப்பவையல்ல. "உறக்கம் எப்படி? மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். நிலைக்குழுவின் அறிக்கை அலமாரியில் உறங்காமல் பார்த்துக்கொள்வது நாடாளுமன்ற உறுப்பினர்களின் கடமை!