கெட்டிமேளத்துக்கு முன் ஒரு கையெழுத்து

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றச் சுற்றப் போன மாதம் ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். அங்கே சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் சிநேகிதியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. புடவை, பாத்திரம் என்று ஆரம்பிப்பாள் என்று பார்த்தால், "மேல்நாட்டில் கல்யாணத்துக்கு முன்பே சொத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்களாமே! நாமும் பத்திரத்தில் எழுதிவிட்டால் என்ன?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவளுக்குப் பாட்டி போட்ட அட்டிகை, நாத்தனார் கல்யாணச் செலவுக்காக அடகுக்குப் போனது, திரும்பவேயில்லை. கேட்டபோது, "அது எங்கள் வீட்டு நகையல்லவா?" என்றார்களாம். பதில் சொல்ல அவளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஒப்பந்தம் எழுதலாம், செல்லுமா என்பதுதான் கேள்வி. கோவாவில் செல்லும். 1867-ஆம் வருஷத்துப் போர்த்துகீசிய சிவில் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு அது. மணத்துக்கு முன்பே முறைப்படி பத்திரம் எழுதிக்கொள்ளலாம். எழுதாவிட்டால் பொதுவாகச் சொத்து இருவருக்கும் சரிபாதி.

நம் பக்கத்து இந்து விவாகங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 1901-இல் கல்கத்தா ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு. மாமியார் வீட்டிலேயே இருப்பேன், அவர் சொல்லைத் தட்டமாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை எழுதிக் கொடுத்திருந்தார்! பல வருஷம் கழித்து மனைவியைத் தம் வீட்டுக்கு அழைத்தபோது தகராறு வந்தது. அந்த ஒப்பந்தம் செல்லாது என்று கோர்ட் தீர்ப்பளித்தது. 'ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்' என்று பெண்ணிடம் முன்கூட்டியே எழுதி வாங்கும் காகிதத்தையும் கோர்ட்டுகள் ஏற்பதில்லை. அது நமக்கு நல்லதுதானே?

"அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா?" என்று சிநேகிதி முகம் வாடினாள்.

ஏன் முடியாது? நம்மில் பலர் அறியாத காகிதம் ஒன்று இருக்கிறது. வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகளின்படி, கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதவேண்டும். பெண்ணுக்கு வந்தவை ஒரு பட்டியல். பிள்ளைக்கு வந்தவை இன்னொன்று. பொருள் என்ன, உத்தேச மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று குறித்து, மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். கல்யாணச் சமயத்திலேயே, அல்லது கூடிய சீக்கிரம் எழுதிவிட வேண்டும். கேளாமல், தகுதிக்கு மீறாமல் தந்தவற்றுக்குத்தான் இது. கேட்டு வாங்கினால் 1961-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். பட்டியல் போட்டாலும் குற்றமே.

ஸ்திரீதனம் பெண்ணுக்கே முழுச் சொந்தம். பத்திரமாக வைக்கச் சொல்லிக் கணவரிடமோ மாமியாரிடமோ கொடுத்தாலும் அவளுடையதே. திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று சுப்ரீம் கோர்ட்டும் 1985-இல் சொல்லியிருக்கிறது. தோட்டத்தில் பங்கு தருவதானால், வாய்வார்த்தையோடு விடாமல் மகள் பெயரிலேயே பத்திரம் பதிவு செய்துவிடுங்கள். வாசகத்தை வக்கீல் ஒருவரிடம் காட்டிக்கொள்வது உத்தமம்.

"சம்பந்தி வீட்டார் தப்பாக நினைக்கமாட்டார்களா?" என்று சிநேகிதி இழுத்தாள்.

"கல்யாண மண்டபத்தில் மேஜை போட்டு, நோட்டு வைத்து மொய் எழுதுகிறோமே, யாராவது தப்பாக நினைக்கிறார்களா? நூற்றொரு ரூபாய்க்குக் கணக்கு உண்டு. பெண்ணின் நகைக்கு மட்டும் கூடாதா? அவர்கள் பிள்ளைக்கும் ஒரு பட்டியல் உண்டு என்று சேர்த்தே சொல்லு" என்றேன்.

அதுவரை பேசாமலிருந்த மகள் உள்ளே போய் ஒரு நோட்டுடன் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, எனக்குக் கொடுக்கிறேன் என்றாயே, உன் வளையல். அதை முதலில் எழுதட்டுமா?"