சின்ன பிரைமருக்குக் குளிர் ஆகாது

மார்கழியில் 20 டிகிரிக்கே குல்லா தேடும் மயிலாப்பூர்க்காரனுக்கு இந்தக் கவலை ஏன் என்கிறீர்களா? லைசன்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959 ஆயுதச் சட்டம் பாயும்; எனக்கு இது வெறும் வாய்ச்சண்டைதான்.

6.5 கிரீட்மோர் ரைபிளுக்குச் சின்ன பிரைமர் கூடுதான் எப்போதும் உசத்தியாம். (பிரைமர் என்றால் பொம்மைத் துப்பாக்கியின் பொட்டுக்கேப் மாதிரி, மருந்தைப் பற்றவைப்பது.) பாதி உண்மை. லாபுவா கூட்டில் அடிப்பித்தளை கெட்டி, பலமுறை நிரப்பினாலும் குழி தளராது. ஆனால் பொறி போகும் துளை 1.5 மி.மீ.தான். உறைபனியில், மெதுவாக எரியும் மருந்துக்கு அது போதாமல் போகலாம். நமத்த தீபாவளி வெடி கிட்டே போனதும் வெடிக்குமே, அதே கதை! மேக்னம் பிரைமர் போடலாமே என்பார்கள். போடுங்கள், அழுத்தம் ஏறும், மருந்தைக் குறைத்து முதலிலிருந்து சோதிக்கணும். பனியில் வேட்டைக்குப் போகிறவன் பெரிய பிரைமர் கூட்டையே வாங்கட்டுமே! கூட்டை மிச்சம் பிடிக்கவா காட்டுக்குப் போகிறான்?