ஓதத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்

இந்தக் கட்டுரை ஒரு ஸ்டிக்கருக்கு எதிராக எழுதப்படுகிறது. செங்கல் சுவர் மாதிரி அச்சடித்து, பின்பக்கம் பசை தடவி, சுருளாக வருகிறதே, அதுதான். சிலது நுரை வைத்து மேடு பள்ளமாகக்கூட இருக்கும். ‘ஐநூறு ரூபாய்ல உங்க வீட்டையே மாத்தலாம்’ என்று ஆரம்பிக்கும் எந்த வீடியோவிலும் மூன்றாவது நிமிடத்துக்குள் அது வந்துவிடும். ஒரு வாடகை வீடு, வெளிறிப்போன சுவர், இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து உதிர்ந்துகொண்டிருக்கும். கட். இசை. இரண்டு கைகள் படு வேகமாக எதையோ ஒட்டும். கட். இப்போது அது ஏதோ காபிக் கடைச் சுவர். முன்னால் ஒரு மணி பிளான்ட், மேலே சரம் சரமாக மஞ்சள் விளக்கு.

விளக்கின் மேல் எனக்குக் கோபமில்லை. பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவருக்கும் அழகாக வாழ ஆசை இருக்கும், இருக்க வேண்டும். எனக்கு அந்த முதல் காட்சிதான் உறுத்துகிறது. அந்தச் சுவர் ஏன் பொரிந்தது? அதை வீடியோ கேட்பதே இல்லை.

நம்ம பக்கம் அதற்குச் சொல் இருக்கிறது: ஓதம். மண்ணிலிருந்தோ, பக்கத்துக் குளியலறைக் குழாயிலிருந்தோ, மொட்டை மாடி விரிசலிலிருந்தோ தண்ணீர் செங்கலுக்குள் ஊறுகிறது. ஊறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சுவரின் வெளிமுகத்துக்கு வந்ததும் தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்து, பூச்சைத் தள்ளி உதிர்க்கும். அந்த உதிர்தல் ஒரு தகவல். உள்ளே எங்கேயோ ஒழுகுகிறது என்று சுவர் சொல்கிறது. அதன் வாயில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் தண்ணீர் எங்கே போகும்? வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், இன்னும் மேலே ஏறும். தாளுக்குப் பின்னால் இருட்டில் கறுப்பாகப் பூஞ்சை படரும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் பிள்ளைக்கு மூச்சு இளைக்கிறது, மூக்கடைப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது என்று டாக்டரிடம் ஓடும்போது யாரும் அந்தச் செங்கல் படத்தைச் சந்தேகப்படுவதில்லை.

போகிக்கு முன்னால் வெள்ளையடிக்கும் வழக்கம் நம்முடைய பட்ஜெட் அலங்காரம்தான். சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, துளி நீலம் கலந்து, மட்டையை நசுக்கிச் செய்த பிரஷ்ஷால் வீட்டு ஆட்களே அடித்தார்கள். கீழே காவிப் பட்டை. மறு வருடம் மறுபடி. அது ஏழைகளின் பெயிண்ட் என்பதால் நாம் அதைக் கைவிட்டோம், மட்டமானது என்பதால் இல்லை. சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் ஒரு மெல்லிய படலமாக அதை மூடும். ஸ்டிக்கர் மொத்தமாக அடைத்தே விடும். ஓதத்தைச் சுண்ணாம்பும் குணப்படுத்தாது. குழாயைப் பார்க்கணும், மாடியைப் பார்க்கணும். ஆனால் சுண்ணாம்பு அதை மறைக்காது.

சரி, குழாயையும் மாடியையும் யார் பார்ப்பது?

தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துகிற சட்டம். அதன் இரண்டாம் அட்டவணையில் எந்த வேலை யாருடையது என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் கணக்கு. குழாய்க்கு வாஷர் போடுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது மாதிரியானவை குடியிருப்பவர் கணக்கு. உரிமையாளர் மறுத்தால் குடியிருப்பவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் அதில் வழி உண்டு.

இதைப் படித்ததும் செல்லூரிலும் வில்லாபுரத்திலும் குடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். “ஹவுஸ் ஓனர்கிட்டப் போயி ரெண்டாம் அட்டவணைனு சொல்லிப் பாருங்கண்ணே. அடுத்த மாசம் வண்டி பிடிச்சு சாமான் ஏத்த வேண்டியதுதான்.” உண்மை. பதினோரு மாத ஒப்பந்தம், பல மாத வாடகை அட்வான்ஸ், ‘ஆணி அடிக்கக் கூடாது’ என்ற முதல் நிபந்தனை. காலி செய்யும்போது ‘பெயிண்ட் அடிக்கணும்ல’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே எழுதாத சட்டம். எழுதிய சட்டத்தை விட அதற்குத்தான் மதிப்பு. ஆக, ஒரே சுவருக்கு ஒருவர் மூன்று முறை பணம் கட்டுகிறார். மாதாமாதம் வாடகையில் ஒன்று, ஸ்டிக்கருக்கு ஒன்று, போகும்போது பெயிண்டுக்கு ஒன்று. ஸ்டிக்கரை உரிக்கும்போது பூச்சும் பெயர்ந்து வந்தால் அது தனி.

இந்த இடத்தில்தான் அந்த வீடியோக்களை நான் அப்பாவியான பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள மறுக்கிறேன். உரிமையாளர் செய்யவேண்டிய வேலையை அவை குடியிருப்பவரின் தலையில் தூக்கி வைத்து, அதற்குக் ‘கிரியேட்டிவிட்டி’ என்று பெயர் சூட்டுகின்றன. ‘ரென்டர் ஃப்ரெண்ட்லி’ என்று ஒரு வார்த்தை வேறு. யாருக்கு ஃப்ரெண்ட்லி? உரிமையாளருக்கு ஒரு சல்லி செலவில்லை, வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று அடுத்தவருக்குக் காட்டப் படமும் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும், முதல் கேள்வி வேலையைப் பற்றியதாக இருக்காது. நீங்க எந்த ஆளுக, சைவமா, பேச்சிலரா, ஃபேமிலியா. பேரைச் சொன்னதும் ‘நேத்துதான் தம்பி வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்’ என்பார்கள். போர்டு மட்டும் அடுத்த மாதமும் தொங்கும். ஆறு மாதம் அலைந்து கிடைத்த வீட்டில் சுவர் ஓதம் காக்கிறது என்று வாயைத் திறக்க ஒரு தலித் இளைஞருக்கோ, ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கோ, தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கோ எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர்கள் ஸ்டிக்கர் ஒட்டினால் நான் குறை சொல்ல மாட்டேன். கேட்க முடியாததால் மூடுகிறார்கள். அந்த இயலாமையை எடுத்து, பின்னணி இசை போட்டு, லிங்க் கொடுத்து விற்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

மரச்சாமானுக்கு வருவோம். அங்கேயும் இதே கதைதான்.

‘மேக்கோவர்’ என்றால் இப்போது சாக் பெயிண்ட். 1990இல் ஆனி ஸ்லோன் என்ற ஆங்கிலேயப் பெண் சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கு. அதன் பெரிய கவர்ச்சியே, தேய்க்க வேண்டாம், பிரைமர் வேண்டாம், எந்தப் பரப்பிலும் நேராக அடிக்கலாம் என்பதுதான். தாத்தா வீட்டிலிருந்து வந்த தேக்குப் பீரோவை வெளிர்நீலத்தில் முக்கி எடுத்து, ஓரங்களை மட்டும் லேசாகத் தேய்த்து ‘பழசு போல’ ஆக்குகிறார்கள். அறுபது வருடப் பழசை மூடி, அதன் மேல் போலிப் பழசு! மரத்தின் ரேகைக்குள்ளும் செதுக்கலுக்குள்ளும் இறங்கிய பெயிண்டைப் பிறகு எடுக்க வேண்டுமென்றால் ரசாயனம் போட்டுச் சுரண்ட வேண்டும். அந்த வீடியோவை யாரும் போடுவதில்லை.

அதே பீரோவுக்கு ஒரு பாலிஷ்காரர் என்ன செய்வார்? முதலில் ஆட்டிப் பார்ப்பார். எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, கழற்றி, பசை வைத்து, ஆப்பு இறக்கி இறுக்குவார், அல்லது ஒரு ஆசாரியை அழைத்து வருவார். பிறகு உப்புத்தாள், முரடிலிருந்து நைசு வரை. பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தில் தொட்டுத் தொட்டு, ஒரு கோட்டு காய்ந்ததும் அடுத்தது. வேலை முடியும்போது பீரோவின் கதவு சரியாகச் சாத்தும். நீலப் பீரோவின் கதவு அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும், நீலமாக.

‘ஆள் கூலி மிச்சம்’ என்பார்கள். இந்த வாதம் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் வேலைக்கு ஆள் கிடைப்பது அருமை, கிடைத்தாலும் கூலி அதிகம். அங்கே ‘நீங்களே செய்யுங்கள்’ ஒரு தேவையாக வந்தது. பாரி பக்னெல் என்பவர் பிபிசி தொலைக்காட்சியில் தோன்றி நாட்டுக்கே சுத்தியலும் ரம்பமும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். 1962இல் ஒரு பழைய வீட்டை வாரா வாரம் புதுப்பித்துக் காட்டும் தொடரே வந்தது. அவர் பரப்பிய வித்தைகளில் புகழ்பெற்றது, பழைய வேலைப்பாட்டுக் கதவுகளின் மேல் ஹார்ட்போர்டை அடித்துத் தட்டையாக்குவது. மொழுமொழுவென்று நவீனமாகத் தெரியும். விக்டோரியா காலத்துக் கதவுகள் வீடு வீடாக ஹார்ட்போர்டுக்குள் போயின. பின்னால் வந்த தலைமுறை அந்த ஹார்ட்போர்டைப் பிடுங்கி, ஆணி ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது. மூடுவது அங்கேயும் மலிவாகத்தான் தெரிந்தது.

நமக்கு அந்தப் பஞ்சமும் இல்லை. வேலை தெரிந்தவர் தெருமுனையில் இருக்கிறார். கூலி மலிவாக இருப்பதை நான் கொண்டாடவில்லை, கேட்ட கூலியைக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கணக்கையும் நேர்மையாகப் போடுங்கள். இறக்குமதிப் பெயிண்ட், பிரஷ் செட், மெழுகு, ஸ்டென்சில், இதற்கெல்லாம் கொடுக்கும் பணத்தில் ஒருவருடைய ஒன்றிரண்டு நாள் கூலி போய்விடும். மிச்சமானது என்ன? பணம் ஊருக்குள் நிற்காமல் கூரியரில் போனதுதான்.

யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரம்பு நாற்காலிக்கும் வயர் நாற்காலிக்கும் இருக்கை பின்னித் தருகிறவர்கள். பல ஊர்களில் பார்வையற்றவர்கள் கைத்தொழிலாகக் கற்று, பிழைப்பாக வைத்திருந்த வேலை அது. அமுங்கிப்போன மெத்தையைப் பிரித்து, போடிப் பக்கத்து இலவம் பஞ்சை அடித்து மறுபடி நிரப்புகிறவர்கள். அப்புறம் புதுமண்டபத்துத் தையல்காரர்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் தூண்களுக்கு நடுவில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள்தான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷ உடுப்பும், கோயில்களுக்குத் தொம்பையும் தைக்கிற கைகள். சில வருடங்களுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். கலர் கலராகத் துணியை வெட்டி ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைப்பதில் அவர்களுக்கு இருக்கும் பழக்கத்துக்கு, ஒரு குஷன் உறையும் திரைச்சீலையும் எம்மாத்திரம்? விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்து, கிழிந்த சுங்குடிச் சேலையின் முந்தானையையும் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் ஜன்னலுக்கு இந்த ஊரின் முகம் வரும். ‘போஹோ’ என்று பெயர் போட்ட ரெடிமேட் திரையை ஆர்டர் பண்ணுகிறோம்.

இந்த அசட்டுத்தனத்தின் உச்சம் ஆத்தங்குடி ஸ்டிக்கர். ஆத்தங்குடி இங்கிருந்து இரண்டு மணி நேரம், காரைக்குடிப் பக்கம். அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் கையாலேயே கலர்ச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை இல்லை. நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். அந்தக் கல்லைப் படம் பிடித்து, எங்கேயோ பிளாஸ்டிக்கில் அச்சடித்து, அதை நாம் வாங்கி ரெட் ஆக்சைடு தரையின் மேல் ஒட்டுகிறோம். ரெட் ஆக்சைடு என்ன பாவம் செய்தது? மதுரையின் பழைய வீடுகளில் வெயில் காலத்தில் வெறும் உடம்போடு படுக்க அதைப் போலத் தரை கிடையாது. விரிசல் விட்டால் அதே கலர்ச் சிமெண்டால் அடைக்கலாம், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் முகம் பார்க்கலாம். (வசதியுள்ளவர்கள் கதையும் பெரிசாக மாறவில்லை. செட்டிநாட்டு வீடுகளை உடைத்து, காரைக்குடிக் கடைகளில் விற்கும் பர்மா தேக்குத் தூணை வாங்கி டீப்பாய்க்குக் கால் வைக்கிறார்கள். அவர்களுக்குத் தூண், நமக்கு ஸ்டிக்கர். வீடு போனது போனதுதான்.)

‘அப்போ நாங்க கையால எதுவுமே செய்யக் கூடாதா?’ என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். வயர்க் கூடை பின்னுகிறவர் மேல் எனக்கு மரியாதைதான் உண்டு, அவர் எதையும் மூடவில்லை, ஒன்றை உண்டாக்குகிறார். உப்புத்தாள் பிடித்து ஒரு ஸ்டூலைத் தேய்த்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும், கை வலிக்கும், அது வேம்பா வாகையா என்று வாசத்திலேயே தெரிய ஆரம்பிக்கும். பிளைவுட்டுக்கும் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகைக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, தண்ணீர் பட்டால் ஊதிப்போகும், ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூவை மறுபடி பிடிக்காது. தெரிந்தால், ஊதிப்போன டேபிளுக்கு மார்பிள் தாள் ஒட்டிப் பணத்தைக் கரைக்க மாட்டீர்கள். பழைய நாட்டு மர மேசையைத் தேடிப் போவீர்கள்.

வீடியோ போடுகிறவர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. ‘முன்பு’ காட்டுகிறீர்கள், ‘பின்பு’ காட்டுகிறீர்கள். தை மாதம் அதே வீட்டுக்குப் போய், சுவரின் அடியோரத்தில் ஒரு சாண் அளவு உரித்து, அதையும் காட்டுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சுவரை அடியோரம் வரை படம் எடுத்து வையுங்கள். குடி போனதும், சண்டை வேண்டாம், மரியாதையாகவே ஒரு வாட்ஸப் அனுப்புங்கள். ‘அண்ணே, வடக்குச் செவுரு ஓதம் காக்குது, போட்டோ வச்சிருக்கேன், பாத்ரூம் பைப்பைப் பார்த்தா நல்லாருக்கும்.’ பதில் வராமலும் போகலாம். தேதியோடு நீல டிக் இருக்கும். காலி செய்யும் நாளில் பெயிண்ட் கணக்கு வரும்போது அதைத் திறந்து காட்டலாம்.