வட்டியையும் கணக்குப் போடுங்கள்!

பேச்சு - செவித்திறன் பட்டப்படிப்பில் மகளைச் சேர்க்க நினைக்கும் தாய்மார்களே, கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். பயிற்சியோடு சேர்த்து நாலு வருஷப் படிப்பு. வருஷத்துக்கு 1 லட்சம் வீதம், 10 சதவீத வட்டியில் கடன் வாங்கினால், படிப்பு முடியும்போது வட்டி மட்டும் 1 லட்சம். தவணை தொடங்குமுன் வரும் ஓராண்டு அவகாசத்தில் இன்னும் 40 ஆயிரம். மொத்தத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் 7 ஆயிரத்துக்கு மேல் வேண்டும். சம்பளம் 20 ஆயிரம் என்றால் மூன்றில் ஒரு பங்கு போச்சு! "ஒரகடம் கம்பெனிக்குப் போயிருந்தா இந்நேரம் சம்பாதிச்சிருப்பாளே" என்று எங்கள் தெருவில் கேட்கிறார்கள். பேச்சு வராத பிள்ளையோடு தவிக்கும் தாய்க்குத்தான் இந்தப் படிப்பின் அருமை தெரியும். சென்னை அரசு மருத்துவக் கல்லூரியிலும் இது உண்டு. முதலில் அங்கே முயலுங்கள். தனியார் கல்லூரி என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் வாங்கியாச்சா? சீட்டுப் பணத்திலாவது மாதாமாதம் வட்டியைக் கட்டிவிடுங்கள்.

- ஒரு வாசகி, தண்டலம்.