கொல்லிமலைச் சீமையில் புத்தர்



 வைகாசி விசாகம் என்றதும் நமக்கு முருகன் நினைவுதான் முதலில் வரும். கடலுக்கு அப்பால் இலங்கையில் அதே நாட்களில் வீட்டு வாசல்தோறும் வெசாக் கூடுகள் தொங்கும். புத்தராகிய சித்தார்த்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, மறைந்தது மூன்றும் வைகாசிப் பௌர்ணமியில்தான் என்பது அங்குள்ள பௌத்தர்களின் நம்பிக்கை.

கொல்லிமலையைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "மலைமேல் புத்தர் சிலை இருக்கிறதாமே?" மலைமேல் இருப்பவை சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். இந்தக் குழப்பம் தமிழ்நாடு முழுக்க உண்டு, கேட்பவர்மேல் தவறில்லை. புத்தர், தீர்த்தங்கரர் இருவருக்கும் சுருள்முடி, தொங்கும் காதுகள், சம்மணமிட்ட கோலம், மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். பார்க்கத் தெரிந்துகொண்டால் பிரித்துவிடலாம். புத்தர் மேல் ஆடை இருக்கும்; இடது தோளிலிருந்து மார்பின் குறுக்கே அதன் விளிம்பு மெல்லிய கோடாக ஓடும். உச்சந்தலையில் ஒரு புடைப்பு, சோழர் காலச் சிலைகளில் அதன்மேல் தீச்சுடர். தீர்த்தங்கரருக்குத் தலைக்குமேல் முக்குடை. திகம்பரச் சிலையானால் உடலில் ஆடை இராது.

புத்தரைப் பார்க்க மலையை விட்டு இறங்க வேண்டும். வடகிழக்கே ஆத்தூரைத் தாண்டித் தலைவாசல் பக்கம் போனால் தியாகனூர். சிற்றூர்தான்; ஆனால் அங்கே இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. கண் மூடி, கை மடியில் சேர்த்து, தியானத்தில் அமர்ந்த கருங்கல் புத்தர். ஊர்க்காரர்கள் அவரைப் புத்தர் என்றே அறிவார்கள், விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். காஞ்சி, நாகை, புகார் போன்ற பெருநகரங்களில் பௌத்தம் இருந்ததைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். கடற்கரையிலிருந்து இத்தனை உள்ளே, சேலத்துச் சீமையின் வயல்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய சிலைகளைச் செதுக்கி வைத்தார்கள் என்றால், செதுக்கச் சொன்னவர்களும் வணங்கியவர்களும் இந்த மண்ணின் மக்களாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

சேலம் கோட்டை சாலையில் பெரியேரியில் இருக்கும் சிலையின் கதை வேறு. பல காலமாக அது தலைவெட்டி முனியப்பன். துண்டுபட்ட தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டியிருந்தார்கள். அது புத்தர் என்று 2011இல் சேலத்துப் பௌத்த அறக்கட்டளை ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆராயச் சொன்னது. தாமரைப் பீடம், அதன்மேல் அமர்ந்த தியானக் கோலம், சுருள்முடி, நீண்ட காது மடல்கள், மேலாடை என்று ஒவ்வோர் அடையாளமாகப் பார்த்து, இது புத்தரே என்று அறிக்கை வந்தது. 2022 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார்: இடம் தொல்லியல் துறையின் பொறுப்புக்கு வர வேண்டும், புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூசைகள் கூடாது. உண்மை தெரிந்த பிறகும் அதை முனியப்பனாகவே நடத்துவது பௌத்தக் கொள்கைக்கே முரண் என்பது அவர் சொன்ன காரணம்.

தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். முனியப்பன் என்று நம்பிக் கும்பிட்டவர்கள் அந்தச் சிலைக்குக் கேடு செய்தவர்கள் அல்லர். உடைந்த தலையை எடுத்து ஒட்டியது, தெரிந்த அளவில், ஒரு பக்திதான். அந்தப் பக்தி இல்லாமல் போன ஊர்களில் சிலையே இல்லாமல் போயிருக்கிறது.

சரி, இந்தப் புத்தர் அப்படி என்ன சொன்னார்?

இன்றைய நேபாளத்தில் லும்பினியில் பிறந்தவர். இருபத்தொன்பதாம் வயதில் மனைவியையும் பச்சிளம் மகனையும் விட்டு வெளியேறினார். ஆறு ஆண்டு உடலை வாட்டிப் பார்த்தார். எலும்பு தெரிந்ததே தவிர வழி தெரியவில்லை. அரண்மனைச் சுகமும் வேண்டாம், உடம்பை வதைக்கும் தவமும் வேண்டாம் என்று நடுவழிக்கு வந்தார். புத்தகயையில் அரச மரத்தடியில் தெளிவு பிறந்தது. சாரநாத்தில் ஐந்து பேருக்கு முதல் உபதேசம். துக்கம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்கும், நீங்க வழி உண்டு. வைத்தியர் நோயைச் சொல்லி, நோய்முதலைச் சொல்லி, குணமாகும் என்று தைரியம் கொடுத்து, மருந்தைக் கையில் தருவதைப் போன்ற வரிசை இது. காரணம் என்று அவர் காட்டியது தீராத வேட்கையை, அதற்கும் அடியில் கிடக்கும் அறியாமையை.

மருந்து எட்டு உறுப்புகள் கொண்ட நெறி. நற்காட்சி, நல்லெண்ணம், நல்வாய்மை என்று தொடங்கித் தியானத்தில் முடிவது. அதில் ஐந்தாவதான நல்வாழ்க்கை என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும். பிழைப்புக்கு நீ செய்யும் தொழில் யாரை வருத்துகிறது என்று கேட்கிறது அது. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்காதே என்று இல்லறத்தாருக்குச் சொன்னார். ஞானத்துக்கான பாதையில் கடைவாசலையும் கல்லாப்பெட்டியையும் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்.

கிசா கோதமியை உங்களில் பலருக்குத் தெரியும். செத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, உயிர் கொடுங்கள் என்று வந்து நின்ற தாய். சாவு விழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்றார் புத்தர். எல்லா வீட்டிலும் கடுகு இருந்தது. சாவு விழாத வீடு மட்டும் இல்லை. அந்தத் தாய்க்கு அவர் முதலில் தத்துவம் ஓதவில்லை. அவளை ஊராரின் துயரத்துக்குள் வீடு வீடாக நடக்க வைத்தார். திரும்பி வந்தவள் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தாள். வேட்கை, பற்று, நிலையாமை என்று நாம் விரித்துப் பேசுவதெல்லாம் அந்தத் தெருவிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இந்த நெறிக்குத் தமிழ் கொடுத்த காப்பியத்தின் தலைவி அமுதசுரபி ஏந்திப் பசித்தவருக்குச் சோறிட்ட மணிமேகலை. அடுத்தவர் துன்பத்துக்குள் போய்த்தான் தன் துன்பத்தைக் கடக்கிறாள் அவளும்.

மூலிகைக்குப் பேர்போன கொல்லிமலையோடு சேர்த்துச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவம் கிடைக்கச் செய்ததாகச் சொல்கிறது. மருந்துச் செடிகள் இல்லாத இடத்துக்கு அவற்றைக் கொண்டுபோய் நடச் செய்தாராம். அந்தச் சத்தியபுத்திரர் யார் என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு விடை சொன்னது: அதியமான் நெடுமான் அஞ்சியின் குலம். தகடூரை ஆண்ட அதியமான்கள் வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு அக்கம்பக்கத்தார். ஆக, பௌத்த மன்னர் ஒருவரிடமிருந்து இந்தச் சீமைக்கு வந்ததாக நமக்குத் தெரியும் பழைய சேதி, நோயாளிக்கும் மாட்டுக்குமான மருந்தைப் பற்றியது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ தலையில்லாத, அல்லது மண்ணில் பாதி புதைந்த, அமர்ந்த கோலச் சிலை கிடந்தால் அதை நகர்த்தாதீர்கள். சிமெண்ட் பூசவோ பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், பீடம் மூன்றும் தெரியப் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்தில் தெரிவியுங்கள். மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஊர்ப் பெரியவர்கள் அந்தச் சிலையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். படத்தையும் பெயரையும் நமக்கும் அனுப்பினால், அடுத்த இதழ்களில் ஊர்ப்பெயரோடு வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்